வழக்கமான எண்

"தப்பு ஃபர்ம்வேர் மேலதான் மேடம். நாளைக்கு விசாரணையில நீங்க அதை மட்டும் சொன்னாப் போதும்" என்றார் வேதமாணிக்கம்.

விசாரணையில் நிபுணராகக் கருத்துச் சொல்ல வந்திருந்த பூங்கோதை அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் கருவிகளை ஓட்டும் மைய மென்பொருளான கெர்னலை எழுதும் வித்தையை வேதமாணிக்கத்துக்குக் கற்றுக்கொடுத்தது அந்த அம்மாள்தான்.

நரம்பில் மருந்து ஏற்றும் பம்ப் ஒன்று மூன்று மடங்கு வேகத்தில் ஏற்றித் தொலைத்துவிட்டது. பிள்ளை பெற்ற ஈரம் காயாத ஒருத்தி செத்துப்போனாள். யார் தலை உருளும் என்பதுதான் கம்பெனி முழுக்கப் பேச்சு.

"யாருக்கு எது வேலைன்னு பிரிச்சுச் சொல்லுங்க."

"பம்பை ஆன் பண்ணினதும் முதல்ல ஓடுறது ஃபர்ம்வேர். டைமர் நொடிக்கு எத்தனை தடவை துடிக்கும்னு அதுதான் எழுதி வைக்கணும். அடுத்து வர்ற கெர்னல் அதைப் படிச்சு நேரத்தைக் கணக்குப் போடும். எழுதுறது ரஃபீக் வேலை. படிக்கிறது என் வேலை."

"ரஃபீக் எழுதலையா?"

"புது சர்க்யூட் போர்டுக்கு எழுத மறந்துட்டான்."

"அப்போ அந்த இடத்துல என்ன இருந்துச்சு?"

"பூஜ்யம்."

"பூஜ்யத்தைப் பார்த்ததும் உங்க கெர்னல் நின்னுச்சா?"

"நின்னா பம்பே கிளம்பாதே மேடம். வழக்கமா எல்லா போர்டுலயும் இருக்கிற எண்ணைப் போட்டுக்கிட்டுப் போகச் சொல்லியிருந்தேன். இந்தப் போர்டு அதைவிட வேகம்னு எனக்கு எப்படித் தெரியும்? டைமரை செட் பண்றது என் வேலையே இல்லையே."

பூங்கோதை கையை நீட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

வேதமாணிக்கம் சாவுச் செய்தி வந்ததிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. பயம் ஒரு பக்கம், அந்தப் பச்சைக் குழந்தையின் நினைப்பு ஒரு பக்கம். நாடி தறிகெட்டு அடிப்பது அவருக்கே தெரிந்தது.

"எழுபத்திரண்டு" என்று சொல்லிக் கையை விட்டார் பூங்கோதை.

"கடிகாரத்தைக்கூடப் பார்க்கலையே மேடம்! எண்ணவே இல்லையே!"

"எண்ணுறது டாக்டர் வேலை. வழக்கமா எல்லாருக்கும் இருக்கிறதைச் சொன்னேன்."

வேதமாணிக்கம் தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்தார்.

"நாளைக்கு ரஃபீக் தனியா நிக்க வேண்டாம் மேடம்" என்றார்.