ஆறுமணிக்குருவியும் விளக்குமாறும்

"மூணு வருஷமா சோறு வைக்கிறேன். ஒரு நாள்கூட என் பக்கம் வரலை, அம்மா" என்றார் மாசிலாமணி.

வராதது ஆறுமணிக்குருவி. பனிக்காலத்தில் இமயமலைப் பக்கமிருந்து வந்து, விடியும்போதும் பொழுது சாயும்போதும் விசிலடிக்குமே, அதுதான்.

நேற்று அது மடத்துக்கு வந்தேவிட்டது. யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் போய் இறங்கியது சமையல்கட்டுக்குப் பின்னால், பொன்னுத்தாயி பாத்திரம் கழுவுகிற இடத்தில்.

மாசிலாமணி ரிட்டயரான பஸ் கண்டக்டர். மடத்துக் குருவான அம்மா அவரைவிட இருபது வயது சின்னவர். மடத்து முற்றத்தைப் பெருக்குவதும், ஓரத்துக் கல்லில் பறவைகளுக்குச் சோறு வைப்பதும் மாசிலாமணியின் பொறுப்பு. முற்றத்தில் ஒரு சருகு இருக்காது. தலை வாரின மாதிரி விளக்குமாற்றுக் கோடு மட்டும் இருக்கும். வருகிறவர்கள் யாரும் அதைப் பாராட்டாமல் போனதில்லை. பாராட்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"பொன்னுத்தாயி என்ன வெச்சாங்க?" என்று கேட்டார் அம்மா.

"ஒண்ணும் வைக்கலை. அவ அங்கே பெருக்கறதே இல்லை. பலா இலை கணுக்கால் வரைக்கும் கிடக்கு."

"குருவி என்ன பண்ணுச்சு?"

"இலையைப் புரட்டிப் புரட்டிப் புழு கொத்துச்சு."

"உங்க சோறு?"

"திரும்பிக்கூடப் பார்க்கலை."

அம்மா எழுந்து போனார். கூடை கூடையாகப் பலாச் சருகை அள்ளிவந்து, பளிச்சென்ற முற்றத்தின் நடுவில் கொட்டினார். நாலு கூடை. பிறகு விளக்குமாற்றைத் தன் அறையில் வைத்துப் பூட்டினார்.



பத்து நாள் மாசிலாமணி அந்தப் பக்கமே பார்க்காமல் நடந்தார். ஒருநாள் மனசு தாங்காமல் ஒரே ஒரு சருகைப் பொறுக்கினார். அடியில் மண் ஈரமாக இருந்தது. ஒரு புழு நெளிந்தது. சருகை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் விசில் கேட்டது.

பச்சை முதுகு. வாலடியில் சிவப்பு. முற்றத்து நடுவில் நின்று ஒரு சருகைப் புரட்டியது. மாசிலாமணி மூச்சு விடவில்லை.

அந்த நேரம் பார்த்து, மடத்துக்கு அரிசி கொடுக்கிற பெரியவர் குடும்பத்தோடு வாசலில் வந்து நின்றார்.

"என்ன இது, குப்பைமேடாட்டம்? முன்னெல்லாம் தரையில சோறு போட்டுச் சாப்பிடலாமே. பெருக்கற ஆள் செத்துட்டானா?"

அம்மா உள்ளே போனார். விளக்குமாற்றை எடுத்துவந்து மாசிலாமணியிடம் நீட்டினார்.

அவர் வாங்கி, முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"உயிரோடதான் இருக்கேன்" என்றார் பெரியவரிடம். "நான்தான் பெருக்கலை. சத்தம் போடாம கொஞ்சம் தள்ளி நில்லுங்க."