வடக்குச் சுவரில் ஒரு கல்

“ரோம் ஏன் விழுந்தது, அம்மா?”

கேட்டவர் உர்சூஸ். ரைன் ஆற்றங்கரையில் ரோமப் பேரரசின் ஓர் எல்லை நகரத்துக்குக் காவல் நின்ற பழைய சிப்பாய். எகிப்தியப் பாலைவனத்தில் தனியே தவமிருந்த தெர்முத்தியிடம் சீடராகச் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வயதில் அவள் இவருக்கு மகள் மாதிரி. ஆனாலும் அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். அங்கே அது வழக்கம்.

அவள் தன் குடிசைக்கு மண்கல் அறுத்துக்கொண்டிருந்தாள். குளிர்காலம் நெருங்கிவிட்டது. வடக்குச் சுவர் பாதியில் நின்றது.

“வேறு யாரையாவது கேட்டீர்களா?”

“அலெக்சாந்திரியாவில் ஒரு பண்டிதரைக் கேட்டேன். பதினோரு காரணம் சொன்னார். பன்னிரண்டாவது நினைவுக்கு வரவில்லை, நாளைக்கு வா என்றார்.”

“போனீர்களா?”

“போனேன். பதினோராவதையும் மறந்திருந்தார்.”

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

“உங்கள் ஊருக்கு மதில் இருந்ததா, பெரியவரே?”

“இருபதடி உயரம். ஆற்றுக்கு அப்பாலிருந்து எதிரிகள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் அவசரமாகக் கட்டினோம்.”

“கல்?”

“மலையில் போய் வெட்ட நேரமில்லை. நாடக அரங்கின் படிகளைப் பெயர்த்தோம். பிறகு குளியல் மண்டபத்தை. அதுவும் போதவில்லை.”

அவள் சேற்றை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

“இடுகாட்டுக்குப் போனோம். கல்லறைக் கற்கள் நல்ல கனம்.”

“அதில் உங்களுக்குத் தெரிந்த கல் ஏதாவது?”

“என் மனைவியுடையது. வாசலுக்குப் பக்கத்தில் தலைகீழாக வைத்தார்கள். அப்படித்தான் பொருந்தியது. காவல் நிற்கும்போது கழுத்தைச் சாய்த்துப் படிப்பேன்.”

“அவர்கள் வந்தபோது மதில் இடிந்ததா?”

“ஒரு கல்கூட அசையவில்லை.”

“பிறகு எப்படி உள்ளே வந்தார்கள்?”

பதினெட்டு வருடமாகப் பார்த்தவர்களிடமெல்லாம் அவர் அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். இதைச் சொன்னதில்லை.

“நான்தான் கதவைத் திறந்தேன். யாரும் காசு தரவில்லை. யாரும் மிரட்டவில்லை. கூட நாலு பேர் நின்றார்கள். ஒருவனும் என் கையைப் பிடிக்கவில்லை.”

பிறகு கேட்டார்:

“என்னால்தான் விழுந்ததா, அம்மா?”

அவள் அச்சில் சேற்றை அடித்து, அச்சைத் தூக்கினாள். ஈரக்கல்லை அவர் முன்னால் தள்ளி, ஒரு முள்ளைக் கொடுத்தாள்.

“அவள் பெயரை எழுதுங்கள்.”

விதாலினா. இந்த முறை பெயர் நேராக இருந்தது.

கற்கள் காய்ந்தன. சுவர் எழும்பியது. கடைசி வரிசையில் ஒரே ஓர் இடம் பாக்கி. மிச்சமிருந்த கல்லும் ஒன்றே ஒன்று, பெயர் எழுதியது. இனி கல் அறுக்க வண்டல் மண் வேண்டுமானால் இங்குள்ள ஆற்றில் அடுத்த வெள்ளம் வர வேண்டும்.

தெர்முத்தி அந்தக் கல்லைத் தூக்கினாள். உர்சூஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பிப் பார்த்தபோது அது பேரீச்சை மரத்தடியில் நின்றது. எழுத்தில் வெயில் விழுந்தது.

“சுவரில் ஒரு கல் குறைகிறதே, அம்மா. குளிர் வருமே.”

“வரட்டும்” என்றாள்.