யாரும் கேட்காத அவுட்

அமலி டீச்சரிடம் அம்பயர் வேலை படிக்க வந்தவர்களில் கிரிக்கெட்டே தெரியாதவர் தங்கப்பழம் ஒருவர்தான். தூத்துக்குடி பீச் ரோட்டில் விசைப்படகுகளுக்குக் கயிறு விற்கிறவர். தலை முழுக்க நரைத்துவிட்டது. டீச்சர் அவரைவிட இருபது வயதாவது இளையவள். பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, ஞாயிறுகளில் மாவட்ட லீக்கில் அம்பயர். சாயங்காலங்களில் மைதானத்து ஓரத்தில், துருப்பிடித்த ரோலர் மேல் உட்கார்ந்து பாடம் சொல்வாள்.

"அம்பயர் ஆகணுமா அண்ணாச்சி?"

"வேண்டாம் டீச்சர். அந்த வார்த்தைகள மட்டும் சொல்லிக் குடுங்க."

"எதுக்கு?"

"வீட்டுல பேச."

வீட்டில் இருந்தது மகள் நிவேதா. மனைவி போனபின் இரண்டே பேர். நிவேதா ஆஃப் ஸ்பின் போடுவாள். பிளஸ் டூ படிக்கும்போது அவளுடைய விளையாட்டுச் சாமான்களைத் தங்கப்பழம் கடைப் பரணில் ஏற்றிவிட்டார். அவள் திருப்பிக் கேட்கவில்லை. தோழிகளிடம் இரவல் வாங்கி ஆடினாள். மாவட்ட அணியில் அவள் பெயர் வந்தபோது அவரே எல்லாவற்றையும் இறக்கித் துடைத்து அவள் கட்டிலுக்கடியில் வைத்தார். அவள் அதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. கிரிக்கெட் பேச்சு வந்தால் மட்டும், "உங்களுக்குச் சொன்னா புரியாதுப்பா" என்பாள்.

மாதக் கடைசியில் சென்னைக்குப் போகிறாள். அங்கே அகாடமி, விடுதி. அதற்குள் புரிகிற ஆளாகிவிட வேண்டும் என்று தங்கப்பழம் கணக்குப் போட்டார்.

"சில்லி பாயின்ட்னா என்ன டீச்சர்?"

அமலி அவரைக் கூட்டிக்கொண்டுபோய் பேட்டுக்கு நாலடி தள்ளி நிறுத்தினாள். ஆடிக்கொண்டிருந்த பெண்ணிடம், "பாத்து அடி" என்றாள். அடுத்த பந்து தங்கப்பழத்தின் காதோரமாகப் போயிற்று.

"ஆத்தாடி! இங்க நிக்க எனக்கென்ன பைத்தியமா?"

"அதைத்தான் இங்கிலீஷ்ல பேரா வச்சிருக்கான்."

இன்னொரு நாள் கேட்டார்: "நைட் வாட்ச்மேன்னு ஒருத்தன டிவில சொன்னான். பேட்டோட வந்தான். என்னத்தக் காவல் காக்கான்?"

"கடை அடைக்கிற நேரத்துல புதுக் கயித்த வாசல்ல போடுவியளா?"

"பழசத்தான் போடுவேன். போனாப் போகட்டும்னு."

"இருட்டுற நேரத்துல பேட்டிங்குக்கும் அப்படித்தான் ஆள் விடுவாங்க."

தங்கப்பழம் சிரித்தார். பிறகு, "பாவம்" என்றார்.

மெய்டன் ஓவர் எது என்று கேட்டபோது ஆறு பந்துகளையும் பார்க்கச் சொன்னாள். பார்த்தார்.

"என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கல."

"அப்படி ஒண்ணும் நடக்கவிடாமப் பண்ணதுக்குத்தான் பேரு."

அன்று சாப்பாட்டு நேரத்தில் தங்கப்பழம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கூக்ளி இப்ப நல்லா விழுதாம்ல உனக்கு."

நிவேதா நிமிர்ந்து பார்த்தாள்.

"அது லெக் ஸ்பின் போடுறவங்க போடுறதுப்பா. நான் ஆஃப் ஸ்பின்."

"அதான், ஆஃப் ஸ்பின். மெய்டன் ஓவர் நெறைய எடுக்கணும். சில்லி பாயின்ட்ல ஆளு வைக்கணும்."

"சரிப்பா."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் தங்கப்பழம் ரோலர் பக்கத்தில் வந்து நின்றார். வெகுநேரம் உட்காரவில்லை.

"வார்த்தையெல்லாம் வந்துட்டு டீச்சர். பேச்சு வரல."

அமலி ரோலரிலிருந்து இறங்கினாள்.

"ஞாயித்துக்கிழமை அவ டீமுக்கு மேட்ச். நான்தான் அம்பயரா நிக்கேன். வாங்க."

"அன்னைக்கு ராத்திரிதான் அவளுக்கு ரயிலு."

"அப்பக் கட்டாயம் வாங்க."

ஆடிக் காற்று அன்று காலையிலிருந்தே அடங்கவில்லை. ஸ்டம்புகளின் தலைமேல் வைக்கும் பெயில்ஸ் கட்டைகளை நிமிஷத்துக்கொரு தரம் தட்டிவிட்டது. ஒவ்வொரு தடவையும் விக்கெட் கீப்பர் குனிந்து எடுத்து வைத்தாள். "காத்துக்கு விக்கெட் உண்டுன்னா நாம எப்பவோ ஜெயிச்சிருப்போம்டி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நிவேதாவும் சிரித்தாள். அவள் இப்படிச் சிரிப்பதைத் தங்கப்பழம் பார்த்து நாளாகியிருந்தது.

அவர் எல்லைக்கோட்டுக்கு வெளியே, பிட்சுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நேர் முன்னால், மைதானத்துக்குள், ஸ்கொயர் லெக்கில் அமலி நின்றாள். கோவில்பட்டிக்காரி ஒருத்தி நிலைத்து ஆடிக்கொண்டிருந்தாள். அவள் போனால் ஆட்டம் நிவேதா அணிக்கு. அவள் நின்றால் கோவில்பட்டிக்கு.

நிவேதா பந்தை வீசினாள். கோவில்பட்டிக்காரி பின்னால் போய், இன்னும் பின்னால் போய் அடித்தாள். பந்து நேராகத் தரையோடு ஓடியது. எல்லோரும் பந்தையே பார்த்தார்கள். தங்கப்பழம் கயிற்றுக் கடைக்காரர், முடிச்சையே பார்த்துப் பழகியவர். அவர் காலைப் பார்த்தார். குதிங்கால் ஸ்டம்பில் இடித்தது. பெயில் விழுந்தது.

ஹிட் விக்கெட். ஆடுகிறவளே ஸ்டம்பைத் தட்டிவிட்டால் அவுட். வார்த்தை அவருக்குத் தொண்டைவரை வந்துவிட்டது.

கீப்பர் திரும்பினாள். தரையில் கிடந்த பெயிலைப் பார்த்தாள். "இந்தக் காத்த என்ன செய்ய" என்று எடுத்து வைத்தாள்.

தங்கப்பழம் அமலியைப் பார்த்தார். அவள் கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றாள். நிவேதா பந்தை வாங்கினாள். பேண்டில் தேய்த்தாள். நடந்து தன் இடத்துக்குப் போனாள். ஒருத்தியைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கைகாட்டினாள். அமலி அசையவில்லை. நிவேதா ஓடிவரத் தொடங்கினாள். அப்போதுதான் அமலி பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்து முன்னால் கொண்டுவந்தாள்.

கோவில்பட்டிக்காரி கடைசிவரை நின்று ஜெயித்துக் கொடுத்தாள்.

ஆட்டம் முடிந்து அமலி ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். தங்கப்பழம் செருப்பைக்கூடக் கழற்றாமல் பிட்ச் வரைக்கும் வந்துவிட்டார்.

"நீங்க பாத்தியளா இல்லையா?"

"பாத்தேன்."

"காலு பட்டுது."

"குதிங்கால்."

"அப்ப அவுட்டுதான?"

"அவுட்டுதான்."

"பின்ன ஏன் கையத் தூக்கல?"

"யாரும் கேக்கலையே அண்ணாச்சி. கேட்டாத்தான் குடுக்கலாம். அது சட்டம்."

"கண்ணால பாத்துட்டுச் சும்மாவா நிப்பாங்க?"

"சும்மா நிக்கல. நிவேதா கேப்பாளான்னு அவ மொகத்தையே பாத்துட்டு நின்னேன்."

தங்கப்பழத்துக்குக் கோபம் இறங்க இடமில்லாமல் போயிற்று.

"அவ காத்துன்னு நெனச்சுட்டா."

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க."

"ஹிட் விக்கெட்னு பேரு சொல்லிக் கேக்கணுமோ?"

"பேரே வேண்டாம். போல்டு, கேட்சு, ஸ்டம்பிங்கு, எல்லாத்துக்கும் ஒரே கேள்விதான். 'ஹவ்ஸ் தட்', 'எப்படி'ன்னு கேட்டாப் போதும். எதுல அவுட்டுன்னு தெரியாதவளும் கேக்கலாம்."

"எது வரைக்கும்?"

"அடுத்த பந்துக்கு ஓட ஆரம்பிக்கிற வரைக்கும். அதுக்கப்புறம் எங்கிட்ட பதில் இருந்தாலும் குடுக்க முடியாது."

தங்கப்பழம் எதிர்ப்பக்கம் பார்த்தார். தோழிகள் தள்ளிப் போயிருந்தார்கள். நிவேதா தனியாகத் தரையில் உட்கார்ந்து ஷூவில் புகுந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு ஷூ முடிந்தது. அடுத்ததை எடுத்தாள்.

"அவ சாமானப் பரண்ல ஏத்தி ரெண்டு வருசமாச்சு டீச்சர். ராத்திரி ரயிலு. இனிமே என்னத்தக் கேக்க?"

அமலி கடைசி ஸ்டம்பை ஆட்டிப் பிடுங்கினாள்.

"இன்னும் கிளம்பலையே, அண்ணாச்சி."