பாதி வழித்த தலை

வடிவு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மடத்தில் அன்றைக்கு அறுபது பேருக்குச் சாப்பாடு.

அவள் சமையல்காரிதான். ஆனாலும் மனசு கனத்து வருகிறவர்கள் மடத்துச் சாமியாரைத் தாண்டிச் சமையற்கட்டுக்கே வந்தார்கள். கதிரவன் அவளைக் குருவே என்றுதான் கூப்பிடுவான். அவளுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்னும். முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வாள்.

"குருவே, யாரையும் நம்பாதேன்னு சொல்லிக் குடுத்தது தப்பா?"

"யாருக்குண்ணே சொல்லிக் குடுத்தீங்க?"

"போனுக்கு. கடலுக்குப் போறவங்களுக்குப் புயல் சேதி சொல்ற ஆப் செஞ்சேன். எவனும் பொய்ச் சேதி அனுப்பிடக் கூடாதே. சேதி அனுப்புற எங்க சர்வரோட அடையாளச் சான்றிதழ் இன்னதுதான், வேற எது வந்தாலும் தள்ளிடுன்னு உள்ளேயே பதிச்சு வச்சேன்."

"நல்லதுதானே."

"சான்றிதழுக்கு ஆயுசு ஒரு வருஷம். போன வாரம் புதுசு மாத்தினோம். ஆப்புக்குப் பழசு மட்டும்தான் தெரியும். எங்க சேதியவே பொய்யின்னு தள்ளிருச்சு. புயல் தெரியாம ஒரு படகு போச்சு. அதுல போன சூசை திரும்பல."

வடிவின் கை நின்றது.

"அவன் பொண்டாட்டி போனை நீட்டி, 'ஒண்ணும் வரலியே சார்'ங்கிறா."

கதிரவன் தன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"ஆப்புல போட்ட அந்தப் பூட்டையே எடுத்திடப் போறேன். யார் சொன்னாலும் கேட்டுக்கட்டும்."

"யார் கூப்பிட்டாலும் கூடப் போற பிள்ளையா இருக்கட்டும்ங்கிறீங்க."

வடிவு முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"திருச்செந்தூர்ல ரெண்டு தரம் முடி இறக்குறதா எனக்கு நேர்ச்சை. போன வருஷம் பிள்ளையப் பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போனேன். வந்து கை நீட்டுறேன், வீல்னு கத்துது. அதுக்குத் தெரிஞ்ச அம்மாவுக்கு இடுப்பு வரைக்கும் முடி. நாலு நாள் எங்கிட்டப் பால் குடிக்கல. பால் வத்தியே போச்சு."

வெங்காயத்தை எடுத்தாள். உரிக்கவில்லை.

"அதுமேல என்னண்ணே தப்பு? என்னையத் தேடித்தானே அழுதுச்சு."

"அப்புறம்?"

"நேத்து ரெண்டாவது மொட்டை. இந்தத் தரம் அவள மடியில வச்சுக்கிட்டேன். பாதித் தலையோட கொஞ்சம் நிறுத்துங்கன்னு நாவிதர்கிட்டச் சொன்னேன். இந்தப் பக்கம் முடி தொங்குது. அதைப் பிடிச்சிருந்த அவ கையை அப்படியே எடுத்து வழிச்ச பக்கம் வச்சு—"

"அம்மா!"

கொல்லையில் குழந்தை விழுந்துகிடந்தது. வடிவு ஓடினாள். முக்காடு நழுவியது.

குழந்தை அந்த மொட்டைத் தலையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டது.

பழைய சான்றிதழ் இருக்கும்போதே புதுசையும் ஆப்புக்குக் காட்டி வைத்திருக்கலாமே. கதிரவனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.