பின்முனைக் கட்டை

ஆற்று நடுவே ஒரு திட்டு. திட்டில் ஒரு மடம். மடத்துக்கு ஓர் ஓடம். பல தலைமுறை கண்ட பழைய ஓடம். இரண்டு பக்கமும் கூராக முடியும். பக்கப் பலகைகளின் நுனிகளெல்லாம் வந்து சேரும் முனைக்கட்டை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அந்தக் கட்டை இற்றுப்போனால் பலகைகள் விரிந்துவிடும்.

ஓடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் திருமேனி. மடத்தின் தச்சுவேலையெல்லாம் அவருடையது. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மடத்தின் குரு அவரைவிட இளையவர்.

பின்முனையில் உளியை விட்டு நெம்பினார். ஓட்டை அடைக்கும் குங்கிலியப் பிசின் கட்டி ஒன்று உதிர்ந்து விழுந்தது. அதில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. யாருடைய விரல் என்று அவர் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

போன ஆடித் திருவிழாவுக்கு முந்தின நாள் முன்முனைக்குப் புதுக்கட்டை போட்டு முடித்திருந்தார். பின்முனையையும் ஒரு பேச்சுக்குக் குத்தூசியால் குத்திப் பார்த்தார். ஊசி பாதி இறங்கியது. வேலை பிரமாதம் என்று ஊரே அதற்குள் சொல்ல ஆரம்பித்திருந்தது. குங்கிலியத்தை உருக்கி அடைத்தார். மேலே வண்ணம் பூசினார்.

முனைக்கட்டையில் கைவைத்தவன் முதல் ஓட்டத்தில் அந்த முனையில்தான் உட்கார வேண்டும். அது அந்த ஆற்றின் வழக்கம். திருமேனி கழுத்தில் மாலையோடு முன்முனையில் உட்கார்ந்து போனார்.

ஆவணி வெள்ளத்தில் நட்டாற்றில் பின்முனை விரிந்தது. ஓடக்காரன் காத்தமுத்து ஒவ்வொருவராக இழுத்துக் கரை சேர்த்தான். ஆனாலும் ஊர் சொன்னது வேறு. "குடிச்சிட்டுப் பாறையில ஏத்திட்டான்." துடுப்பைப் பிடுங்கிக்கொண்டார்கள். இப்போது அவன் அக்கரைச் சூளையில் செங்கல் சுமக்கிறான். திருமேனி வாயைத் திறக்கவே இல்லை.

குரு வந்தார். குங்கிலியக் கட்டியை எடுத்தார். திருப்பிப் பார்த்துவிட்டுத் திருமேனியின் உள்ளங்கையில் வைத்தார்.

"நான்தான் சுவாமி."

"தெரிகிறது. எனக்குத் தெரிந்தால் காத்தமுத்துவுக்கு என்ன பயன்?"

திருமேனி உளியை எடுத்தார். இற்ற பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சும் நல்ல கட்டையோடு புதுத்துண்டைப் பொருத்த வேண்டும். வெட்டினார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"பழுது எங்கே முடிகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது, சுவாமி?"

குரு குத்தூசியை எடுத்து, அவர் நிறுத்திய இடத்துக்குச் சற்று மேலே குத்தினார். அரிசிமாவில் இறங்குவதுபோல் இறங்கியது.

"இன்னும் வெட்டும்."

வெட்டினார். "இது போதும் என்று தோன்றுகிறது."

"போன தடவையும் உமக்குத்தான் தோன்றியது."

குரு மறுபடி குத்தினார். திருமேனி மறுபடி வெட்டினார். ஊசி நல்ல கட்டையில் பட்டுத் துள்ளித் திரும்பியபோது கட்டையில் பாதி போயிருந்தது.

ஓடம் நீரில் இறங்கும் நாளில் குரு காத்தமுத்துவைக் கூப்பிட்டனுப்பினார். தலையில் செங்கல் தூசியோடு வந்தான். துடுப்பை அவன் கையில் கொடுத்தார்.

"காத்தமுத்து, வாய ஊது பாப்போம்!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிரித்தார்கள். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

திருமேனி ஏறிப் பின்முனையில் உட்கார்ந்தார்.

"என்ன சாமி, போன தடவை மாப்பிள்ளை மாதிரி முன்னால உக்காந்தீங்க. இப்பப் பின்னால போயிட்டீங்களே?" என்றது அதே குரல்.

"போன தடவையே இங்கே உட்கார்ந்திருக்க வேண்டியவன் நான்." முனைக்கட்டையைத் தட்டினார். "இந்த முனை அப்போதே இற்றிருந்தது. அடைத்து மறைத்தேன். காத்தமுத்து குடிக்கவும் இல்லை, பாறையில் ஏற்றவும் இல்லை."

குங்கிலியக் கட்டியை நீட்டினார். காத்தமுத்து அதை வாங்கி, பதிந்திருந்த விரலையே பார்த்தான்.

"எம் பொண்டாட்டிகூட நம்பல சாமி."



திருமேனி கரையில் நின்ற குருவைப் பார்த்தார். "இதோடு முடிந்ததா, சுவாமி?"

குரு இடுப்பில் செருகியிருந்த குத்தூசியை எடுத்தார். திருமேனியிடம் தரவில்லை. காத்தமுத்துவிடம் நீட்டினார்.

"முடிந்ததா என்று நீ குத்திப் பார்."