முட்டுக்கட்டைத் தொப்ளானார்

திருக்கொன்றையூரில் தேர் ஓடினால் ஊரே வடம் பிடிக்கும். பிடித்தவர்கள் தலையைத் தூக்கிச் சாமியைப் பார்ப்பார்கள், கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், அப்படியே எதிர்வீட்டுக்காரி என்ன புடவை கட்டியிருக்கிறாள் என்பதையும் பார்த்துவிடுவார்கள். ஒருவர் மட்டும் நிமிரவே மாட்டார். ஆளுயரச் சக்கரத்தின் பக்கத்தில் குனிந்தபடி, புளியமரத்து முட்டுக்கட்டையை அதன் அடியில் கொடுப்பதும் இழுப்பதுமாக ஓடிக்கொண்டிருப்பார். தேரை நிறுத்துவதும் முக்கில் திருப்புவதும் அந்தக் கட்டைதான். கண் பிசகினால் கை போய்விடும். ஊர் அவரைத் தொப்ளான் என்று கூப்பிட்டது. அடியார் வரிசையில் வைத்துச் சொல்வதால் நாம் தொப்ளானார் என்போம். செலவு ஒன்றும் இல்லை.

சேரியில் பிறந்தவருக்குக் கோயிலுக்குள் வழி கிடையாது. தேர்வீதியிலும் தேரன்றைக்கு மட்டும், அதுவும் கட்டையும் கையுமாகத்தான் கால் வைக்கலாம். வடத்தைத் தொடவே கூடாது. இருபத்திரண்டு வருஷம் கொன்றையீசருக்குக் கட்டை போட்டவர், ஈசரின் முகத்தை ஒரு தடவையும் பார்த்ததில்லை. ஆனாலும் நாள் தவறாமல் சாயரட்சை மணி கேட்டதும் சேரி முனையில் நின்று கும்பிடுவார். வெள்ளிக்கிழமைதோறும் நான்கு கட்டைகளையும் கழுவித் திருநீறு பூசி வைப்பார்.

"பெத்த புள்ளைங்கள இப்பிடிக் குளிப்பாட்டினதில்ல இந்த மனுசன்" என்று அவர் மனைவி சின்னப்பொண்ணு அடுத்த குடிசைக்குக் கேட்கும்படி சொல்வார்.

ஊர்க்காரர்களுக்கு அவர் நல்ல பொழுதுபோக்கு. தேர் நிலைக்கு வந்ததும், "என்னடா தொப்ளான், சாமிக்கு இந்த வருஷம் என்ன கலர் பட்டு?" என்பார்கள்.

"தெரியலிங்க ஆண்டே. வலப்பக்கத்து அச்சு முனகிக்கிட்டே வந்துச்சு. சாமிக்கு எங்கியோ வலிக்குது, பாக்கச் சொல்லுங்க."

சிரிப்பார்கள். அப்புறம் ஆசாரி வந்து பார்த்தால் அச்சில் விரிசல் இருக்கும். அதற்கு யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை.

அந்தக் காலத்தில்தான் வக்கீல் தாண்டவராயன் முனிசிபாலிட்டிக் கவுன்சிலர் ஆனார். பிற்பாடு மந்திரியானாரே, அவர்தான். அப்போது முப்பது வயது. இருந்தது ஒரே கோட்டு. தேர்வீதி ஊரார் வரிப்பணத்தில் போட்ட ரோடு, ஆகையால் அதில் நடக்கவும் அங்கே ஓடும் தேரின் வடத்தைப் பிடிக்கவும் சேரிக்காரர்களுக்கும் உரிமை உண்டு என்று தீர்மானம் கொண்டுவரக் கிளம்பினார். தர்மகர்த்தா ஏகாம்பரம் அவருக்குப் பரிவட்டம் கட்டாமல் விட்ட கோபம் என்றது மேலவீதி. படித்த படிப்பு அப்படி என்றது கீழவீதி. இரண்டும் இருந்திருக்கும். ஒரே காரணத்துக்காக நல்லது செய்த மனிதரை இந்த ஊர் இன்னும் பார்க்கவில்லை.

தீர்மானத்தோடு சேரியிலிருந்து ஒரு மனுவும் வேண்டியிருந்தது. பயத்தில் யாரும் கைநாட்டு வைக்கவில்லை. வக்கீல் தொப்ளானாரின் குடிசைக்கே வந்தார். சமத்துவம் பேச வந்தவர், "வாடா, இப்படி உட்காருடா" என்றுதான் ஆரம்பித்தார். பழக்கம்.

"வடம் புடிக்கிற ஆசை எனக்கில்லிங்க" என்றார் தொப்ளானார். "கட்டைய வுட்டுட்டா அவர யாரு பாத்துக்குவா?"

"உனக்கு வேண்டாம். உன் சனத்துக்கு?"

சின்னப்பொண்ணுதான் பேசினார். "வெரல வச்சா நாளைக்கே கட்டையப் புடுங்கிக்குவாங்க. இந்த மனுசனுக்கு இருக்கிறது அது ஒண்ணுதான். உங்களுக்கென்னங்க, கோட்ட மாட்டிக்கிட்டு அடுத்த கேசுக்குப் போயிடுவீங்க."

"அவ சொல்றது நெசந்தான்" என்றார் தொப்ளானார். "ஆனா நான் சக்கரத்துப் பக்கத்துலயாச்சும் நின்னேன். என் சனம் அங்கயும் நிக்கலியே." பெருவிரலை நீட்டினார்.

சபையில் பதினாறு பேர். தீர்மானத்துக்கு உயர்ந்தது ஒரே கை, வக்கீலின் கை. வழிமொழிவதாகச் சொன்னவருக்கு அன்றைக்குப் பார்த்து வயிற்றுப்போக்கு. வக்கீல் வீட்டுக்கு நாவிதர் போகக்கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு வந்தது. அவருக்குத் தாடி வளர்ந்தது. காசிக்குப் போகப்போகிறார் என்று ஒரு வாரம் பேச்சு ஓடியது.

தர்மகர்த்தா தொப்ளானாரைக் கூப்பிட்டு, "கைநாட்டு வச்ச கை இனிமே கட்டையத் தொடக்கூடாது" என்றார். அதோடு வயிற்றுப்பாட்டுக்குச் செய்துவந்த களத்து வேலையும் நின்றது. கோயில் ஆள் வந்து கட்டைகளை வண்டியில் அள்ளிப் போட்டான். தொப்ளானார் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து போய், "மூணாவது கட்ட ஈரத்துல வழுக்கும், பாத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். சூடு சொரணை இல்லாத மனுஷன் என்று சேரியே திட்டியது. சாயரட்சை மணிக்கு அவர் நிற்பது மட்டும் நிற்கவில்லை.

தேர் வந்தது. தர்மகர்த்தாவின் மருமகப்பிள்ளைகள் சரிகை வேட்டி கட்டிக்கொண்டு கட்டை போட்டார்கள். தெற்குவீதி முடியும் முக்கில் தேர் வலப்பக்கம் திரும்ப வேண்டும். நேரே போனால் சேரிக்கு இறங்கும் சரிவு. வலச்சக்கரத்துக்குக் கொடுக்க வேண்டிய கட்டையை இடச்சக்கரத்துக்குக் கொடுத்தார்கள். அதையும் தூர நின்று வீசினார்கள். தேர் திரும்பவில்லை, நேரே இறங்கியது. வடம் பிடித்தவர்கள் விட்டுவிட்டு ஓடினார்கள். தேருக்குப் பயந்தார்களா, தீட்டுக்குப் பயந்தார்களா என்பது அவரவருக்கே தெரியும். குருக்கள் மேலேயிருந்து குதித்ததில் கணுக்கால் பிசகியது. கொன்றையீசர் மட்டும் தனியாகச் சேரிக்குள் போனார். தெரு நடுவே சேற்றில் சக்கரம் புதைந்து தேர் நின்றது.

தொப்ளானார் ஓடி வந்தார். பழக்கத்தில் முதலில் சக்கரத்தைத்தான் பார்த்தார், ஒரு கல்லை எடுத்து அடியில் கொடுத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"இத்தினி சின்ன மொகமா" என்றார்.

பொழுது சாயும்வரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது என்கிறார்கள். துடைத்தாரா என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் மதியம்வரை ஊர் சேரி முனையிலேயே நின்றது. சாமிக்கு நைவேத்தியம் இல்லை. உள்ளே கால் வைக்கவும் ஆள் இல்லை. கடைசியில் தர்மகர்த்தா, "டேய், இழுத்துக்கிட்டு வந்து முனையில விடுங்கடா" என்று குரல் கொடுத்தார்.

"வடத்தத் தொடலாங்களா, ஆண்டே?" என்று தொப்ளானார் பணிவாகக் கேட்டார்.

தர்மகர்த்தாவுக்கு முகம் சிவந்தது. "இந்த எல்லை வரைக்கும் தொடலாம்."

வடத்தைப் பின்பக்கம் மாற்றிக் கட்டிச் சேரி சனம் இழுத்தது. ஆணும் பெண்ணும் முதல்முறையாகப் பிடித்த வடம். தேர் மேடேறி முனைக்கு வந்ததும், "போதும், போட்டுட்டுப் போங்க" என்றார் தர்மகர்த்தா. தொப்ளானார் கீழே கிடந்த கட்டையை எடுத்துச் சக்கரத்துக்குக் கொடுத்தார். அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"என் சனத்துக் கையி வடத்துல இருந்தா கட்டைய எடுக்குறேன். இல்லேன்னா எம்மேல ஏத்திக்கிட்டுப் போங்க."

போலீஸ்காரன் தடியை ஓங்கினான். அப்போதுதான் தாடிக்கார வக்கீல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேரி எல்லைக்குள் இறங்கி, அந்தச் சனத்துக்கு நடுவே நின்று வடத்தைப் பிடித்தார். "அடிச்சுப் பாரு, பதினஞ்சு கவுன்சிலரையும் கூண்டுல ஏத்தறேன்" என்றார். பிறகு கீழே பார்த்து, "கட்டைய எடுங்க. நான் விடமாட்டேன்" என்றார்.

எடுங்க என்றார். அந்த வாயிலிருந்து அது முதல்தடவை.

பசித்த சாமியை வெயிலில் நிறுத்திவைத்த பழி தன் தலையில் விழும் என்று பயந்து தர்மகர்த்தா ஒதுங்கினார். வடத்தை முன்னால் மாற்றினார்கள். மீதி இருந்த வீதிகளில் சேரியும் ஊரும் ஒரே வடத்தை இழுத்தன, இடையில் நான்கு முழம் விட்டு. தொப்ளானார் மட்டும் வடம் பிடிக்கவில்லை. கட்டை போட வேறு ஆள் ஏது? நிலைவரை குனிந்தே போனார்.

அதன் பிறகு நடந்தவை இந்த ஊருக்குப் பெருமை சேர்ப்பவை அல்ல. நூற்றெட்டுக் குடம் ஊற்றித் தேரைக் கழுவினார்கள். வடத்தை எரித்தார்கள். வக்கீல் வழக்குப் போட்டார். அது முடியும்வரை ஒன்பது வருஷம் தேர் ஓடவில்லை. ஏழாம் வருஷம் தொப்ளானார் காய்ச்சலில் இறந்துபோனார். வழக்கில் வெற்றி கிடைத்தது, வக்கீல் தேர்தலில் ஜெயித்து மந்திரியானார். அவர் பேச்சில் "என் சகோதரர் தொப்ளான்" என்று இருந்தது நாளடைவில் "ஓர் ஏழைத் தொழிலாளி" ஆகி, அப்புறம் "சேரி மக்கள் சிலர்" ஆயிற்று. தேர் நிலைகொள்ளும் தேர்முட்டியில் பதித்த கல்வெட்டில் மந்திரி பெயர் பெரிதாக இருக்கிறது. இருக்கட்டும், வடத்தை விடாமல் பிடித்தவர்தான்.

அந்தக் கல்லைத் திறக்க வந்த அன்று மந்திரி கூட்டத்தில் சின்னப்பொண்ணு நிற்பதைப் பார்த்தார். "வீட்டுக்காரர் நல்லா இருக்காராம்மா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்காருங்க" என்றார் அந்த அம்மாள். "கட்டை போடுற வேல இல்லாத எடத்துல இருக்காரு. தலைய நிமித்தி ஒக்காந்திருப்பாரு."

மந்திரி அடுத்த ஆளுக்குக் கும்பிடு போட்டார்.

அன்றைக்கு ஓடிய தேர் சேரி முனைக்கு வந்து, திரும்பாமல் சேரியைப் பார்த்தபடி நின்றது. கட்டை இன்னும் போடவில்லை, வடம் தளரவில்லை, இருநூறு பேர் இழுத்தும் அசையவில்லை. பிசகின காலை இன்னும் இழுத்து நடக்கும் குருக்கள் என்ன நினைத்தாரோ, சேரியைப் பார்த்து ஒரு கற்பூரம் காட்டினார். உடனே நகர்ந்தது. ரோட்டில் பள்ளம் என்றார்கள் தர்மகர்த்தா வீட்டார். அந்த இடத்தில் பள்ளம் இல்லை, போய்ப் பார்த்தாயிற்று. அதிலிருந்து வருஷா வருஷம் தேர் அங்கே அப்படியே நிற்கிறது, சேரிக்குக் கற்பூரம் காட்டினால்தான் நகர்கிறது. கல்லில் இடம் கிடைக்காத தொப்ளானாரின் பொருட்டு, ஊரின் ஈசர் வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு முதுகு காட்டி நிற்கிறார். அந்த அடியார் திருவடி போற்றி.