வாசிக்கும் முன் மூடியவர்

வைகுண்டமணி கேட்டார்:

"ஃபைல்ல எழுதுத மாதிரியே இந்த பஃபர்லயும் எழுதுதோம். அத வாசிக்க மாதிரியே இதையும் வாசிக்கோம். திறக்கோம், மூடுதோம். பின்ன என்ன வித்தியாசம் டீச்சர்?"

ஜெபக்கனி டீச்சர் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார்.

"ஒரு வரி எழுதுங்க."

எழுதினார்.

"இப்போ வாசிக்கச் சொல்லுங்க."

சொன்னார். திரையில் ஒன்றும் வரவில்லை.

"காலியா இருக்கே?"

"காலி இல்ல. நீங்க எழுதி முடிச்ச இடத்துலயே நிக்கீங்க. அதுக்கு அந்தப் பக்கம் எதுவும் கிடையாது. முதல் எழுத்துக்குத் திரும்பிப் போய் வாசிங்க."

திரும்பிப் போனார். வரி வந்தது.

"யார்ட்ட குடுத்தாலும் முதல் எழுத்துல நிறுத்திக் குடுக்கணும். அடுத்த ஆளு தேடக் கூடாது."

"இதுக்கு ஃபைலே தேவலையே. மூடித் திறந்தா தானா முதல்ல வந்து நிக்குமே."

"ஃபைல் டிஸ்க்ல கிடக்கும் அண்ணாச்சி. மூடிட்டு வீட்டுக்குப் போலாம். இந்த பஃபர் மெமரியில மட்டும் இருக்கது. இத மூடினா..."

அப்போது வாசலில் சலோமி யாரிடமோ பேசிச் சிரித்தாள். டீச்சரின் முகம் அந்தப் பக்கம் திரும்பி மலர்ந்தது. வைகுண்டமணி அந்த மலர்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் சொன்ன மீதி அவர் காதில் விழவில்லை.

உப்பளத் தொழிலாளர் சங்கத்துக்கு ஓட்டுக் கூரை போட்ட ஓர் அறை இருந்தது. டீச்சர் பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து அங்கே கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தார். ஏன் விட்டீர்கள் என்று கேட்டவர்களை உட்காரவைத்து ஒரு புரோகிராம் சொல்லிக்கொடுத்துவிடுவார். அதனால் யாரும் கேட்பதில்லை.

வைகுண்டமணி சங்கத்தின் பேச்சாளர். துண்டறிக்கைகளை எழுத்துக்கூட்டிப் படித்துத் தமிழ் கற்றவர். சிறை பார்த்தவர். மைக் இல்லாமலே அவர் குரல் உப்பளத்தின் கேட் வரை போகும். டீச்சரிடம் முதலில் வந்து உட்கார்ந்தவர் அவர்தான்.

சலோமி பிறகு வந்தவள். ரீசார்ஜ் கடையில் வேலை பார்த்தவள். வாய் ஓயாது.

அவர் புரோகிராம் எழுதிக் காட்டினால் டீச்சர் "சரி" என்பார். அவள் எழுதிக் காட்டினால் "அடடே" என்பார். ஓர் "அடடே"க்காக வைகுண்டமணி விரல் நோக உழைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் "சரி"தான் கிடைத்தது.

போன வருடம் யாரோ சங்கத்துக்குள் புகுந்து பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தொழிலாளர்கள் சொன்ன புகார்கள், பெயரோடு, அதில் ஃபைலாக இருந்தன. தூக்கியவர்கள் யார் என்று இன்றுவரை எவருக்கும் தெரியவில்லையாம். புகார் சொன்னவர்களுக்கு மறுவாரமே உப்புப் பாத்தியில் வேலை இல்லாமல் போனது எல்லோருக்கும் தெரியும்.

அதன்பிறகு டீச்சர் ஒரு வழக்கம் வைத்தார். புகார்களை டிஸ்க்கில் எழுதக் கூடாது. அன்றே கேட்டு, பஃபரில், மெமரியில் மட்டும் வைத்து, கேட்க வேண்டியவர் முன்னால் இன்னொருவர் வாயால் வாசித்து, அத்தோடு விட்டுவிட வேண்டும். சொன்னவர் யார் என்று எந்த இடத்திலும் இருக்காது.

தொழிலாளர் துறை அதிகாரி உப்பளத்தின் கேட்டுக்கு வருகிற நாள் வந்தது. காலையில் சலோமி பெண்களிடம் கேட்டுக் கேட்டு பஃபரில் எழுதினாள். மத்தியானம் அதை மைக்கில் வாசிக்க வேண்டும். யார் வாசிப்பது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வைகுண்டமணி சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

"சலோமி வாசிக்கட்டும்" என்றார் டீச்சர்.

"நானா? அண்ணாச்சி இருக்கும்போது நானா? என் குரல் ஓடிபி கேக்கத்தான் டீச்சர் லாயக்கு."

"கேட்டு எழுதினவ நீ. நீயே வாசி."

எல்லோரும் சிரித்தார்கள். வைகுண்டமணியும் சிரித்தார். அந்தச் சிரிப்பை முகத்தில் தாங்கிக்கொண்டு நிற்பது அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

லேப்டாப்பைக் கேட்டுக்குக் கொண்டுபோய் மேசையில் வைப்பது அவர் வேலை. வைத்தார். பக்கத்தில் யாரும் இல்லை.

அவர் நினைத்தது சிறிய காரியம்தான். பஃபரை மூடிவைப்பது. அவள் வாசிக்கச் சொல்வாள். மூடியிருக்கிறது என்று வரும். புதியவள், கூட்டத்தின் முன்னால் திகைப்பாள். அவர் எழுந்து வருவார். திறப்பார். மைக்கை வாங்கிக்கொள்வார். எதுவும் கெடாது. மூடிய ஃபைல் என்றைக்காவது அழிந்திருக்கிறதா?

மூடச் சொல்லி ஒரு வரி அடித்தார். போய்க் கூட்டத்தில் உட்கார்ந்தார்.

அதிகாரி வந்து நாற்காலியில் அமர்ந்தார். கேட்டின் ஓரத்தில் கங்காணி, யார் வாய் திறக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றான். சலோமி மைக்கின் முன்னால் உட்கார்ந்து, வாசிக்கச் சொன்னாள்.

மூடப்பட்டது, வாசிக்க முடியாது என்று வந்தது.

"டீச்சர், நான் மூடலையே."

வைகுண்டமணி எழுந்தார். நடையில் அவசரம் இல்லை.

"தள்ளு பிள்ள. நான் பாக்கேன்."

உட்கார்ந்தார். திறக்கப் பார்த்தார். திறப்பதற்கு ஒரு பெயர் வேண்டும். பெயர் இல்லை. ஓர் இடம் வேண்டும். இடமும் இல்லை. இன்னொரு விதமாக அடித்துப் பார்த்தார். அதே பதில் வந்தது. மூடியதோடு, காலையில் எழுதியதெல்லாம் போயிருந்தது. சலவைச் சட்டை முதுகில் ஒட்டியது.

"என்ன அண்ணாச்சி, பொட்டி மக்கர் பண்ணுதா?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். "உமக்கு எதுக்குப் பொட்டி? சும்மா பேசும்!"

மைக் அவர் வாய்க்கு நேராக இருந்தது. அவரை அறியாமலே குரல் எழுந்தது.

"உழைக்கும் தோழர்களே! உப்பு இல்லாத உணவு உண்டா இந்த நாட்டில்? அந்த உப்பு விளைய வியர்வை சிந்துகிறவனின்..."

அதிகாரி கையைத் தூக்கினார்.

"ஐயா, இதைப் போன வருஷமும் பேசினீங்க. நல்லாத்தான் இருந்தது. புகார் ஏதாவது இருக்கா? இல்லேன்னா நான் கிளம்புறேன்."

கங்காணி சிரித்தான்.

டீச்சர் மேசைக்கு வந்தார். திரையைப் பார்த்தார். மூடச் சொன்ன வரி அங்கேயே இருந்தது. வைகுண்டமணியை ஒரு முறை பார்த்தார்.

"எனக்குப் பாதி ஞாபகம் இருக்கு டீச்சர்" என்றாள் சலோமி. "அத வச்சு சமாளிச்சிருவேன்."

"யாரோட பாதிய விடுவ?"

சலோமி மைக்கை எடுத்துக்கொண்டு அதிகாரி பக்கம் திரும்பினாள்.

டீச்சர் லேப்டாப்பை எடுத்து வைகுண்டமணியின் கையில் வைத்தார்.

"புகார் சொன்னவங்க கங்காணி கண்ணுல படாம, பின்பக்கமா ஒவ்வொருத்தரா அறைக்கு வருவாங்க. திரும்பக் கேட்டு எழுதிட்டு வாங்க."

"நானா?"

"நீங்கதான்."

அறையில் முதலில் வந்து உட்கார்ந்தவர் இசக்கியம்மாள்.

"காலையிலதான் அந்தப் பிள்ளைட்ட சொன்னேன். திரும்பவும் சொல்லணுமா?"

"சொல்லணும்மா."

"ஏன், இந்தப் பொட்டி தின்னுட்டா?"

வைகுண்டமணி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பொட்டி தின்னல. நான் தின்னுட்டேன்."

இசக்கியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"காலு வெடிச்சுக் கிடக்கு. வெடிப்புக்குள்ள உப்புத் தண்ணி போனா உயிர் போவுது. பூட்ஸ் கேட்டா, குடுத்தாச்சுன்னு எழுதி வச்சிருக்கானுவ. எவன் காலுக்குக் குடுத்தான்னு கேளுங்க."

அடுத்தவர் சொன்னார்: "வெள்ளை வெயிலு. பொழுதுக்கும் உப்பயே பாத்துப் பாத்து, வீட்டுக்குப் போனா அடுப்பு எரியுதா அணைஞ்சிட்டான்னு கண்ணுக்குத் தெரியல. கைய வச்சுப் பாக்கேன்."

கையைக் காட்டினார். வைகுண்டமணி அந்தக் கையைப் பார்த்துவிட்டு எழுதினார்.

இன்னொரு பெண் சொல்லத் தயங்கினாள். "சலோமின்னா சொல்லுவேன்."

"நான் திரும்பி உக்காந்துக்கிடுதேன். சுவரப் பாத்துச் சொல்லு தாயி."

அவர் திரும்பி உட்கார்ந்தார். ஒதுங்க ஒரு மறைப்பு இல்லாததால் பொழுதுக்கும் தண்ணீரே குடிக்காமல் பாத்தியில் நிற்பதை அவள் சொன்னாள். அவர் மேடையில் பேசாத பொருள் கிடையாது. இதைப் பேசியதில்லை.

வெளியே மைக்கில் சலோமியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"சார், டீ வந்திட்டு. குடிக்காமப் போனா எங்க ஊருக்கு அவமானம். பயப்படாதீங்க, உப்பு போடல."

கூட்டம் சிரித்தது.

"உக்காருங்க சார். அண்ணாச்சி உள்ள எழுதிட்டு இருக்காவ. அவிய எழுதினா சும்மா இருக்காது. நின்னு கேட்டுட்டுப் போங்க."

வைகுண்டமணியின் விரல்கள் ஒரு முறை நின்றன. பிறகு எழுதின.

கடைசிப் பெண் எழுந்து போனதும் அவர் முதல் எழுத்துக்குத் திரும்பிப் போய் நிறுத்தினார். இரண்டு கைகளாலும் லேப்டாப்பை ஏந்தி வெளியே வந்தார். சலோமியின் முன்னால் வைத்தார்.

"முதல் எழுத்துலதான் நிக்கு. வாசி."

சலோமி குனிந்தாள். நிமிர்ந்தாள். "வெயில்ல ஒண்ணும் தெரியல அண்ணாச்சி."

அவர் தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்தார். இரண்டு கையாலும் விரித்து, திரைக்கு மேலே நிழலாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் வாசித்தாள். அவள் குரல் பெரிய குரல் இல்லை. கால் வெடிப்பு வந்தது. அடுப்பைத் தொட்டுப் பார்த்த கை வந்தது. கூட்டத்தில் பேச்சு அடங்கியது. அதிகாரி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். கங்காணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். யாருடைய காலும் அது இல்லை, எல்லோருடைய காலுமாக இருந்தது.

துண்டைப் பிடித்திருந்த கை வலித்தது. டீச்சர் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"டீச்சர்" என்றார் வைகுண்டமணி, தாழ்ந்த குரலில்.

"ம்."

"அன்னைக்கு என்ன வித்தியாசம்னு கேட்டேம்லா. நீங்க சொல்லும்போது நான் கவனிக்கல."

"தெரியும்."

"மீதிய இப்போ சொல்லுங்க."

சலோமி அடுத்த வரிக்குப் போயிருந்தாள். துண்டின் ஒரு முனை தாழ்ந்து, திரையில் வெயில் விழத் தொடங்கியது.

"கைய இறக்காதீங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர். "அவ வாசிச்சு முடிக்கட்டும்."